ஆளை விரட்டும் பாட்டு

“வட்ட மேசைக்காரங்ககிட்ட சொன்னீங்களா இல்லையா?”

மாடிப்படியில் பாதி இறங்கி நின்றுகொண்டு ஷஹீதா கேட்டாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த அப்துல் ரசாக், ஏற்கெனவே துடைத்து வைத்திருந்த முறுக்குப் புட்டியை மறுபடியும் துடைக்க ஆரம்பித்தார்.

“சொல்லணும்.”

“நேத்தும் இதேதான் சொன்னீங்க.”

“நேத்து மனசுக்குள்ள சொன்னேன். இன்னிக்கு வாய்விட்டுச் சொல்றேன்ல. கொஞ்சம் முன்னேறித்தானே இருக்கேன்.”

மலேசியாவின் ஈப்போ நகரில், லிட்டில் இந்தியாவின் ஒரு முனையில் இருக்கிறது ரசாக்கின் சாப்பாட்டுக் கடை. கீழே கடை, மேலே வீடு. கடையில் எத்தனையோ மேசைகள் இருந்தாலும், பெரிய விசிறிக்கு நேர் கீழே இருக்கிற வட்ட மேசைதான் சிம்மாசனம். மத்தியானக் கூட்டம் கலைந்ததும் விஸ்வலிங்கமும் அர்ச்சுனனும் வந்து அதில் உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு தே தாரேக், நுரை பொங்க இழுத்து ஆற்றிய பால் தேநீர். அது ஆறி, ஆடை கட்டி, ஈ வந்து பார்த்துவிட்டுப் போகும். அவர்கள் எழுந்திருக்கும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருக்கும்.

விஸ்வலிங்கம் யாழ்ப்பாணத்துக் குடும்பம், ரயில்வேயில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அர்ச்சுனன் சுங்கை சிப்புட் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, லாரி ஓட்டி, லாரி வாங்கி, லாரியை விற்றவர். இருவருக்கும் பொதுவானது ஒன்றே ஒன்று. வீட்டில் இருந்தால் மனைவிமார் ஏதாவது வேலை சொல்லிவிடுவார்கள்.

அந்த மேசைதான் சனிக்கிழமை சாயங்காலம் வேண்டும் என்று ஷஹீதா ஒற்றைக்காலில் நின்றாள். ரசாக்கின் மகள் ஆஃப்ஷீனைப் பெண் பார்க்க பாரிட் புந்தாரிலிருந்து வருகிறார்கள்.

“வீட்டுக்கே கூப்பிட்டிருக்கலாம்ல?”

“கூப்பிட்டேன். பையனோட அம்மா நஸீராதான், ‘வீட்டுல வேணாங்க, எல்லாரும் வெறப்பா உக்காந்திருப்போம், கடையிலயே பாத்துக்கிறோம்’னு சொல்லிடுச்சு. அவங்களா நம்ம புள்ளைய காம்பார்ல எங்கயோ பாத்துட்டு, அவங்களா கேட்டு வாராங்க. இதையும் கெடுத்துடாதீங்க.”

“பையன் என்ன பண்றானாம்?”

“மைக் செட்டு, ஸ்பீக்கரெல்லாம் வாடகைக்கு விடுறாராம்.”

“நல்லதாப் போச்சு. நம்ம புள்ள பேசறதுக்கு ஒண்ணு தேவைதான்.”

ரசாக் சிரித்தாரே தவிர, அதுதான் அவர் நெஞ்சில் கிடந்த பாரம். ஆஃப்ஷீன் பேசினால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. முதலில் பார்த்துவிட்டுப் போன தைப்பிங் குடும்பம், “தங்கமான புள்ள, ஆனா சத்தமே இல்லையே” என்று இழுத்து, பேச்சை அதோடு விட்டுவிட்டது. அடுத்து வந்தவர்கள், பெண்ணுக்கு விருப்பம்தானா என்று அவளையே கேட்டார்கள். அவள் “விருப்பம்தான்” என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. எழுந்து போய்விட்டார்கள்.

அதனால் ரசாக் இந்த முறை ஒரு முடிவோடு இருந்தார். பாரிட் புந்தார்க்காரர்கள் உட்காரும் இடம் பள்ளிவாசல் மாதிரி அமைதியாக இருக்க வேண்டும். ஆஃப்ஷீன் வாயைத் திறந்தால் அது அவர்களுக்குக் கேட்க வேண்டும். நாலு மணியிலிருந்து அரசியல் பேசும் விஸ்வலிங்கத்தையும் அர்ச்சுனனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு அது நடக்காது.

ஆனால் தன் அத்தா காலத்திலிருந்து வருகிற மனிதர்களிடம் எழுந்து போங்கள் என்று எப்படிச் சொல்வது? வாய் வரவில்லை. வியாழக்கிழமை மத்தியானம், யாருக்கும் தெரியாமல் சுவிட்சுப் பலகைக்குப் பின்னால் கையை விட்டு விசிறியின் ஒயரை உருவிவிட்டார்.

“விசிறி கெட்டுப்போச்சுண்ணே. வேர்க்கும். வேற எங்கயாச்சும் காத்தாட…”

“கெட்டுப்போச்சா? நவுரு” என்றார் அர்ச்சுனன். நாற்காலியைப் போட்டு ஏறினார். விசிறியைக் கழற்றினார், தூசி தட்டினார், எண்ணெய் விட்டார், கடைசியில் ஒயரையும் கண்டுபிடித்துச் சொருகினார். விசிறி இதுவரை சுற்றாத வேகத்தில் சுற்றியது. கூலி வாங்க மாட்டேன் என்றுவிட்டார். மரியாதைக்கு ரசாக் இரண்டு தே தாரேக் இலவசமாகக் கொடுக்க வேண்டியதாயிற்று.

“இந்தக் காத்துல எந்திரிக்கவே மனசு வராது போல லா” என்றார் அர்ச்சுனன்.

இதையெல்லாம் தட்டுக் கழுவுகிற இடத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தான் ஸைஃபுல். ஷஹீதாவின் தம்பி, கடையின் பங்குதாரன், கடை வேனை ஓட்டுகிறவன்.

“மச்சான், ஆளைக் கெளப்ப விசிறிய நிறுத்தக்கூடாது. பாட்டப் போடணும்.”

“பாட்டுப் போட்டா இன்னும் உக்காருவாங்கடா.”

“நான் சொல்றது வேற பாட்டு. நம்ம ஈப்போ பேண்டுதான். ‘சுண்ணாம்புக் குகை’ன்னு பேரு. புரோக்ரசிவ் ராக்.”

“அப்படின்னா?”

“ஒரு பாட்டுக்குள்ள நாலு பாட்டு இருக்கும். முடிஞ்சிடுச்சுன்னு நினைப்பீங்க பாருங்க, அங்கதான் ஆரம்பிக்கும். அதுலயும் ரொம்பக் கனமான பாட்டெல்லாம் இருக்கு. வீட்டுல நான் ஒண்ணு போட்டேன், என் பொண்டாட்டி அவ அம்மா வீட்டுக்குப் போயிட்டா. மறுநாள்தான் திரும்பி வந்தா.”

ரசாக்கின் கண்கள் பளிச்சிட்டன. “போடு.”

ஸைஃபுல் தன் கைப்பேசியைக் கடை ஸ்பீக்கரோடு இணைத்தான். ‘ஈயக்கப்பல்’ என்று ஒரு பாட்டு. பழைய ஈயச் சுரங்கத்தில் மண் வாரும் கப்பல் முனகுவதுபோல ஒரு சத்தம் கிளம்பி, அதன்மேல் கிட்டார்கள் ஏறி, அதன்மேல் டிரம்ஸ் உருண்டது. ரொட்டி தட்டுகிறவர் மாவைக் கீழே போட்டுவிட்டார். இரண்டு வாடிக்கையாளர்கள் சாப்பாட்டைத் தாப்பாவ், அதாவது பொட்டலம், கட்டச் சொன்னார்கள். ரசாக் நிறைந்த மனதோடு வட்ட மேசையைப் பார்த்தார்.

விஸ்வலிங்கம் அரசியலை நிறுத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு வலது கை மெல்ல மேசைமேல் விழுந்தது. தட்டியது. விரல் மடங்கியது. மறுபடி தட்டியது.

“ரசாக், இஞ்ச வாரும். இது ஏழு.”

“என்ன ஏழு?”

“தாளம். ஏழு எண்ணிக்கை. மிஸ்ர சாப்பு. என்ர மூண்டு பிள்ளையளையும் மிருதங்க வகுப்புக்குக் கூட்டிக்கொண்டு போய் வாசல்ல இருந்தே பழகினது. வெள்ளைக்காரன் வாத்தியத்தில மிஸ்ர சாப்பு போடுறாங்கள். ஆர் இந்தப் பிள்ளையள்?”

“பாட்டு பிடிக்கலையா உங்களுக்கு?” என்று கேட்ட ரசாக்கின் குரலில் கெஞ்சல் இருந்தது.

“முடியட்டும், சொல்றன்.”

அது முடியவில்லை. அடுப்பில் வைத்த பிரியாணி பாதி வெந்துவிட்டது, அது முடியவில்லை. நடுவில் ஏழு ஐந்தாக மாறியபோது விஸ்வலிங்கம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

ரசாக் ஸைஃபுலைச் சமையலறைக்குள் இழுத்தார். “இதுதான் உன் கனமான பாட்டா?”

“அது கொஞ்சம் லேசான கனம் மச்சான்.”

“இருக்கறதிலயே பெரிய கனம் எது?”

ஸைஃபுல் தயங்கினான். “‘பெரட்டு’ன்னு ஒண்ணு இருக்கு. ஆனா அது… பாடறவங்க கொஞ்சம் தொண்டையத் தொறந்து பாடியிருப்பாங்க.”

“அதைப் போடு.”

‘பெரட்டு’ ஒரு தண்டவாளத் துண்டை இரும்பால் அடிக்கிற ஓசையோடு ஆரம்பித்தது. அந்தக் காலத்துத் தோட்டங்களில், விடிவதற்கு முன்னால் ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குக் கூப்பிட இப்படித்தான் அடிப்பார்கள். முதல் அடி விழுந்ததும் அர்ச்சுனன் விருட்டென்று எழுந்து நின்றார். கை தானாகச் சட்டையின் பொத்தானைப் போட்டது.

வேலை செய்துவிட்டது என்று ரசாக் நினைத்தார். “கெளம்பறீங்களாண்ணே?”

அர்ச்சுனன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, வெட்கத்தோடு மறுபடி உட்கார்ந்தார். “எங்கப்பன் எழுப்புற மாதிரியே இருந்துச்சு. இன்னொரு தே குடு, தம்பி. சீனி கொறச்சு.”

அதற்குப் பிறகுதான் பாடுகிற குரல் வந்தது. மரம் ஏற்றிய லாரி புக்கிட் பெராப்பிட் மலை ஏற்றத்தில் கியர் மாற்றுவதுபோல இருந்தது அந்தக் குரல். ஒரு வார்த்தையும் புரியவில்லை. கடையின் கண்ணாடி டம்ளர்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

“யாரு பெத்த புள்ளையோ” என்று காதைப் பொத்திக்கொண்டு சொன்னார் ரசாக். “இவனைப் பெத்தவன் எப்படிடா வெளியில தலை காட்டுவான்?”

ஸைஃபுலுக்குத் திடீரென்று இருமல் வந்தது. கழுவிய டம்ளர்களையே மறுபடி கழுவப் போய்விட்டான்.

அர்ச்சுனன் உறுமி அடிக்கிற மாதிரி மேசையின் விளிம்பைத் தேய்த்து ஓசை எழுப்ப, விஸ்வலிங்கம் தாளம் போட, இதைப் பக்கத்து மேசையில் யாரோ படம் பிடித்ததை ரசாக் கவனிக்கவில்லை.

மறுநாள் ஜும்மா முடிந்து கடைக்குத் திரும்பியபோதுதான் கவனித்தார். கடையில் உட்கார இடமில்லை. காம்பார் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள், தலை முதல் கால் வரை கறுப்பு. ஆளுக்கு ஒரே ஒரு தே ஓ ஐஸ், பால் இல்லாத ஐஸ் தேநீர். வட்ட மேசையைச் சுற்றி நின்றுகொண்டு விஸ்வலிங்கத்திடம் ஏழுக்கும் ஐந்துக்கும் விளக்கம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வாழ்நாளில் இத்தனை பேர் அவர் பேச்சைக் கேட்டதில்லை. இனி அவர் அந்த மேசையை விட்டு எழுந்திருக்கப்போவதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

“பாஸ், நீங்கதான் கடை முதலாளியா?” என்று கேட்டான் கறுப்புச் சட்டைகளில் ஒருவன். பெயர் தீபன் என்றான். “வீடியோ பாத்துட்டு வந்தோம். இந்த மாதிரி மாமாக் சாப்பாட்டுக் கடையில ‘சுண்ணாம்புக் குகை’ போடறது நீங்க ஒருத்தர்தான் பாஸ். செம டேஸ்ட்டு.”

“இதுல பாடறவன் யாருப்பா?”

“யாருக்கும் தெரியாது பாஸ். மொகத்துல கறுப்புத் துணி கட்டித்தான் மேடைக்கு வரும். பாடி முடிச்சதும் ஒரு வேன்ல ஏறிப் போயிடும்.”

“தெரியாம இருக்கறதே நல்லது. பெத்தவங்களாச்சும் நிம்மதியா இருப்பாங்க.”

ஸைஃபுல் மறுபடி இருமினான்.

“உனக்கு என்னடா ரெண்டு நாளா? ஆஃப்ஷீனுக்குப் போடற இஞ்சித் தண்ணிய நீயும் ஒரு வாய் குடி.”

ஆஃப்ஷீனுக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் தொண்டை கட்டிக்கொள்ளும். காம்பாரில் பாலர் பள்ளி டீச்சர். சனிக்கிழமையும் ஏதோ பயிற்சி வகுப்பு என்று போய் வருவாள். வாரமெல்லாம் பிள்ளைகளிடம் கத்திக் கத்தித்தான் கட்டிக்கொள்கிறது என்பது ஷஹீதாவின் கணக்கு. கத்துகிறாளா, யார், நம் பிள்ளையா என்று ரசாக் ஒருமுறை கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறார்.

சனிக்கிழமை வந்தது. ஆஃப்ஷீன் வகுப்புக்குப் போகவில்லை. மாடியில் புதுச் சுடிதாருக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். கீழே நேற்றைவிட இரண்டு மடங்கு கறுப்பு.

“கடைய மூடிடவா?” என்று கேட்டார் ரசாக்.

“மூடின கடையப் பாத்தா திவாலாயிட்டோம்னு நினைப்பாங்க. தொறந்திருக்கணும், ஆனா ஆள் இருக்கக்கூடாது” என்றாள் ஷஹீதா.

ரசாக் தீபனைத் தனியே அழைத்து, வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரைப் பார்த்துக் கைகூப்பினார். “தம்பி, பொண்ணு பாக்க வாராங்க. என் மகளுக்கு இது மூணாவது எடம். சத்தம் இல்லாம இருந்தாத்தான் அவ பேசறது கேக்கும். கூட்டத்தக் கூட்டிக்கிட்டுப் போயிடுங்கப்பா.”

தீபனுக்கு மனம் இளகிவிட்டது. “சரி பாஸ். ‘பெரட்டு’ மட்டும் ஒரு தடவ போடுங்க. முழுசாக் கேட்டுட்டு எல்லாரும் ஒண்ணா எந்திரிச்சுப் போயிடுறோம். சத்தியமா.”

“ஒரு பாட்டுதானே?”

“ஒரே பாட்டு.”

“வேணாம் மச்சான்” என்றான் ஸைஃபுல். “வேற எது வேணும்னாலும் போடலாம். இன்னிக்கு அது மட்டும் வேணாம்.”

“நீ கொண்டாந்த வினைதானே? போனைக் குடு இங்க.” ரசாக் தானே அழுத்தினார். தண்டவாளம் ஒலித்தது. அர்ச்சுனன் எழுந்து நின்று உட்கார்ந்தார். கறுப்புச் சட்டைகள் கைதட்டின.

குரல் வருகிற இடத்துக்குச் சற்று முன்னால் வாசலில் ஒரு கார் நின்றது. வெள்ளை ஜுப்பாவும் தொப்பியுமாக ஹாஜியார் ஒருவர் இறங்கினார். பின்னாலேயே அவர் மனைவி நஸீரா, மகன் ஹாபிஸ். ஐந்து மணிக்கு வர வேண்டியவர்கள், முன்னாலேயே வந்துவிட்டார்கள்.

“ஐயோ, சாலையில கூட்டமே இல்ல போல” என்று படியில் நின்றபடி தலையில் கை வைத்தாள் ஷஹீதா.

ரசாக் ஓடினார். கைப்பேசியில் நிறுத்துகிற பொத்தான் எது என்று தெரியவில்லை. அழுத்தினார், சத்தம் கூடியது. வேறு வழியில்லாமல் மெயின் சுவிட்சையே இறக்கினார்.

பாட்டு நின்றது. விசிறி நின்றது, விளக்கு அணைந்தது. ஒரு கணம் அமைதி. பிறகு, விட்ட இடத்திலிருந்து மொத்தக் கடையும் பாட ஆரம்பித்தது. இத்தனை பிள்ளைகளும் ஒரே தொண்டையாக உறுமினார்கள். விஸ்வலிங்கம் தாளம் தவறாமல் மேசையில் அடித்தார். அர்ச்சுனன் தட்டை எடுத்துக்கொண்டார். கடையின் அரையிருட்டில் அது ஸ்பீக்கரைவிடப் பயங்கரமாக இருந்தது.

ரசாக் சுவிட்சை மறுபடி ஏற்றினார். ஸ்பீக்கர் பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தது. தண்டவாளம் ஒலித்தது. அர்ச்சுனன் எழுந்து நின்றார்.

“அஸ்ஸலாமு அலைக்கும்” என்றார் வாசலில் நின்ற ஹாஜியார்.

காலியாக இருந்தது வட்ட மேசையின் மிச்ச நாற்காலிகள் மட்டும்தான். விஸ்வலிங்கம் தாளத்தை நிறுத்தாமலே இடது கையால் நாற்காலியைத் தள்ளிக் கொடுத்தார். மூவரும் உட்கார்ந்தார்கள்.

“தப்பா நினைச்சுக்காதீங்க” என்று ஹாஜியாரின் காதருகே குனிந்து கத்தினார் ரசாக். “இது நம்ம கடை வழக்கம் இல்ல.”

“பரவாயில்ல, பரவாயில்ல” என்றார் ஹாஜியார். மேசைக்கு அடியில் அவர் செருப்பு ஆடிக்கொண்டிருந்ததை ரசாக் பார்க்கவில்லை.

“நம்ம குடும்பம் ரொம்ப அமைதியான குடும்பம். பொண்ணு வாயத் தொறந்தா காத்து வாரது கூடத் தெரியாது.”

ஹாபிஸ் அம்மாவைப் பார்த்தான். நஸீராவின் பார்வை ஸ்பீக்கர்மேல் இருந்தது. வந்ததிலிருந்து அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கை மட்டும் கைப்பைமேல் மெல்லத் தட்டியபடி இருந்தது.

“அம்மா தாளம் சரியாப் போடுறா” என்றார் விஸ்வலிங்கம், யாரிடமோ.

குரல் வந்தது. லாரி ஏற்றத்தில் ஏறியது. டம்ளர்கள் நடுங்கின. ரசாக்குக்குக் கண்ணில் நீர் முட்டியது. மூன்றாவது இடமும் போய்விட்டது.

“கேட்டீங்களா இந்தக் கொரல?” என்று தொண்டை கிழியச் சொன்னார். “எவனோ ஒரு தறுதலை. இவனுக்கும் ஒரு அத்தா இருப்பான்ல, பாவம். ஒருநாள் அவன் என் முன்னால வரட்டும், புள்ள வளக்கறது எப்படின்னு நான் சொல்லிக் குடுக்கறேன்.”

ஸைஃபுல் இந்த முறை இருமவில்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

பாட்டு பல இடங்களில் முடிவதுபோல் முடியாமல், கடைசியில் ஒரே ஒரு தண்டவாள அடியோடு நின்றது. தீபன் சொன்ன வாக்கைக் காப்பாற்றினான். கறுப்புச் சட்டைகள் ஒன்றாக எழுந்து, ரசாக்கின் தோளைத் தட்டி, “ஆல் த பெஸ்ட் பாஸ்” என்று சொல்லிவிட்டு வரிசையாக வெளியேறின. கடை அமைதியானது. விசிறி சுற்றுவது மட்டும் கேட்டது.

படியில் ஆஃப்ஷீன் தட்டோடு இறங்கி வந்தாள். தலை குனிந்திருந்தது. வட்ட மேசையில் டம்ளர்களை வைத்துவிட்டு உதட்டை அசைத்தாள். ஸலாம் சொன்னாளாக இருக்கும். இத்தனை அமைதியிலும் யாருக்கும் கேட்கவில்லை.

ரசாக் கண்ணை மூடிக்கொண்டார். ஷஹீதா கைப்பிடிச் சுவரை இறுகப் பற்றினாள்.

நஸீரா கைப்பையைக் கீழே வைத்தார். ஆஃப்ஷீனின் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்து, அவள் முகத்தைப் பார்த்து முதல்முறையாகப் பேசினார்.

“இஞ்சித் தண்ணிய விட்டுடாதம்மா, போன வாரம் காம்பார் மேடையில, நம்ம ஹாபிஸ் போட்ட மைக்குல நீ இதே பாட்டப் பாடறப்ப ரெண்டு எடத்துல மூச்சு வாங்கிடுச்சு, மொத வரிசையில நின்னு நான் பாத்துக்கிட்டுத்தானே இருந்தேன்.”